ஒரு சீப்பாவது எடு

துறைமுகத்தில் கிரேனிலிருந்து அறுந்து விழுந்த மூட்டை பக்ருதீனின் இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டது. மறுவருஷம் ராயபுரத்துத் தரும சங்கம் ஒன்று அவனுக்குச் சக்கரம் வைத்த பலகையும், கழுத்தில் மாட்டும் தட்டும், தட்டு நிறையச் சீப்பு, ஊசி, நூல்கண்டும் கொடுத்தது. வியாபாரம் செய்து பிழைக்கட்டும் என்றார்கள்.

பள்ளிவாசல் தெருவில் உட்கார்ந்தான். காசு விழுந்தது, சாமான் போகவில்லை. ஜும்மா முடிந்து வருகிறவர்கள் தட்டில் அரையணா போடுவார்கள். "சீப்பு எடுத்துகினு போ பாய்" என்றால், "இருக்கட்டும்பா, துவா செய்" என்று நடந்துவிடுவார்கள்.

பிச்சைக்காரர்களைப் போலீஸ் வண்டியில் ஏற்றி அடைத்துக்கொண்டிருந்த காலம். போன வாரம் ஏட்டு எச்சரித்திருந்தார்: "சாமான் அப்டியே கீது, காசு மட்டும் ஏறுது. இது இன்னா வியாபாரம்? இன்னொரு தபா பாத்தேன், வண்டிதான்."

வீட்டில் ஜீனத்தும் கைக்குழந்தையும் இருந்தார்கள். வேறு யாரும் இல்லை.

இந்த வெள்ளிக்கிழமையும் ஓர் ஊசிகூட விற்கவில்லை. எதிரே சோடாக் கடையில் ஏட்டு நின்றார். அப்போதுதான் உசேன் வந்தான். துறைமுகத்தில் உடன் மூட்டை தூக்கியவன்.

"இன்னா மாமு, கடை ஜோரா கீதா?" ஓரணா தட்டில் விழுந்தது.

"உசேனு, சீப்பு எடு."

உசேன் தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் தடவினான். "இத்த வெச்சுகினு இன்னாத்த சீவறது?" போகிறவர்கள் சிரித்தார்கள்.

"ஊசியாச்சும் எடு. ஏட்டு பாத்துகினு கீறாரு."

"உங்கைல காசு குட்த்து சாமான் வாங்குவனா நானு? மூட்ட உம்மேல உளுந்தப்போ பக்கத்துல நின்னவன்டா."

திரும்பிய உசேனின் லுங்கியைப் பக்ருதீன் பிடித்துக்கொண்டான். "தோஸ்து, அல்லாவுக்காக ஒண்ணே ஒண்ணு எடு!"

காசு போதவில்லை என்று உசேன் நினைத்தான். கண் கலங்க, சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் தட்டில் கொட்டினான்.

ஏட்டு தெருவைக் கடந்து வந்தார். லுங்கியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். தெருமுனையில் நின்ற வண்டிக்குக் கைகாட்டினார்.

"ஏட்டையா, அவன் வியாபாரி!" உசேன் கத்தினான்.

"அப்டியா? நீ இன்னா வாங்குன?"

உசேன் பாய்ந்து தட்டிலிருந்து ஒரு சீப்பை எடுத்தான். ஏட்டு அதை அவன் கையிலிருந்து வாங்கி, தட்டிலேயே திரும்பப் போட்டார்.

பலகையோடு பக்ருதீனை இரண்டு பேர் தூக்கினார்கள். அப்போதும் அவன் சீப்புக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தான்.