ஏழாவது அயிட்டம்: தண்ணீர் சும்மா நிற்பதற்கு

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், கண்ணுகளா. மேலேயிருந்து சொட்டியது. நிஜமாகவே சொட்டியது.

ஹைதராபாத் மௌலா அலியில் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் நான். மூன்றாம் மாடியில் ராஜகோபால் சாரும் அவர் மனைவி சாவித்ரியும். அவர்கள் குளியலறைக்கு நேர் கீழே என் சமையலறை. அங்கே இருக்கும் மேஜையில்தான் காய் நறுக்குவேன், கதையும் எழுதுவேன். மேலே கூரையில் இலங்கை வடிவத்தில் ஓர் ஈரக்கறை. இந்த வருஷம் பக்கத்தில் மாலத்தீவும் முளைத்திருக்கிறது.

போன வாரம் உட்கார்ந்து முதல் வாக்கியத்தை எழுதினேன்:

ஹைதராபாத்தில் ஸ்டெல்லா என்றொரு மோசக்காரக் காண்ட்ராக்டர் இருந்தாள், அவள்—

'மோசக்கார' என்ற சொல்லின்மேல் சொட்டென்று ஒரு துளி. மை பரவி, சொல் காணாமல் போயிற்று.*

சரி சரி, அடித்துவிட்டேன்.

(* துளி விழுந்தது உண்மை. சரியாக அந்தச் சொல்லின்மேல் விழுந்தது என்பது நான் சேர்த்தது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.)

2

வீட்டு வேலைக் காண்ட்ராக்டர் என்றால் ஏமாற்றத்தான் செய்வார் என்று எழுதுவது சுலபம். படிப்பவர்களும் உடனே தலையாட்டுவார்கள். ஆளுக்கொரு குளியலறைக் கதை இருக்கிறதே! அதனால் ஸ்டெல்லாவை இரண்டு பக்கம் மோசக்காரியாக நடத்திப் பார்த்தேன். அவள் நடக்கவில்லை. பிறகு தியாகியாக்கிப் பார்த்தேன்:

ஏழைகளுக்கு இலவசமாகவே டைல் ஒட்டிக்கொடுக்கும் அந்த—

அப்படியும் நடக்கவில்லை. இலவசமாக டைல் ஒட்டினால் அவள் சாப்பிடுவது எப்படி?

ஆகவே உள்ளபடி. ரயில்வேக்காரர் மகள். இங்கேயே பிறந்தவள். வீட்டில் நாகர்கோவில் தமிழ், வேலையில் தெலுங்கு, கோபம் வந்தால் 'நக்கோ', அதாவது ஹைதராபாத் உருதுவில் 'வேண்டாம்'. பன்னிரண்டு வருஷம் இன்னொருவரிடம் சூபர்வைசராக இருந்துவிட்டு, போன மாதம்தான் தனியாக வந்தாள். விசிட்டிங் கார்டில் 'உங்கள் திருப்தியே எங்கள் லட்சியம்' என்று போட்டிருக்கிறாள். முதல் வேலை இன்னும் கிடைக்கவில்லை. இந்தக் கதை நடக்கும் நாள் காலையில் பழைய முதலாளி போன் செய்து, "நாலு மணிக்குள்ள சொல்லு, இல்லேன்னா உன் இடத்துக்கு வேற ஆள்" என்றிருக்கிறார்.

அவள் பிழைப்பு தனிப் பிழைப்பா, பழைய நாற்காலியா என்பது அன்றைக்கு நாலு மணிக்குள் முடிவாக வேண்டும். மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் நடுவில் மறந்தாலும் நீங்கள் மறக்கக்கூடாது.

3

ராஜகோபால் சார் பாலாநகர் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பொறுத்தவரை குறைந்த விலை கேட்பவர்தான் 'எல்-ஒன்'. எல்-ஒன்னுக்குத்தான் வேலை. குளியலறையைப் புதுப்பிக்க வேண்டும் என்றதும் என்ன செய்தார் தெரியுமா? டெண்டர் விட்டார்! அரக்கு வைத்து மூடிய மூன்று கவர். மத்தியானம் மூன்று மணிக்கு அவர் வீட்டுக் கூடத்தில் திறப்பு. காபி, போண்டா உண்டு.

"கமிட்டி கூடியாச்சு," என்றார். "மெம்பர் ஒன் நான். மெம்பர் டூ சாவித்ரி. மெம்பர் த்ரீ கீழ் வீட்டு மாமி."

கீழ் வீட்டு மாமி நான்தான். என் வாழ்க்கையில் முதல் பதவி. போண்டாவைக்கூட நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சாப்பிட்டேன்.

"இந்த ஆத்துல எல்லாம் எல்-ஒன்தான் மாமி," என்றாள் சாவித்ரி, கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டி. "என்னை மட்டும்தான் சிங்கிள் டெண்டர்ல எடுத்துண்டார்."

"அது எமர்ஜென்சி பர்ச்சேஸ்," என்றார் சார், சிரிக்காமல்.

முதல் கவரில் விலையே இல்லை. ஒரு காலண்டர் இருந்தது. "டெக்னிக்கலி ரிஜெக்டட்" என்று அறிவித்து, அதைச் சுவரில் மாட்டிக்கொண்டார். இரண்டாவது பிரசாத். சிரித்த முகம், வாய் ஓயாத தெலுங்குக்காரர், கைவசம் அமீர்பேட்டில் பத்து ஹாஸ்டல் வேலை. மூன்றாவது ஸ்டெல்லா. பிரசாத்தைவிட அவள் விலை கொஞ்சம் அதிகம்.

சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவள் தாளை வாசித்தார். ஏழாவது வரியில் நின்றார்.

"அயிட்டம் செவன். தண்ணீர் தேக்கிப் பார்த்தல், இரண்டு நாள், மேஸ்திரி காத்திருப்புக் கூலி உட்பட. ஏம்மா, தண்ணி சும்மா நிக்கறதுக்கு நான் காசு குடுக்கணுமா?"

"ஹவ் சார், ஆமா," என்றாள் ஸ்டெல்லா. "டைலுக்கு அடியில கசியாம இருக்க கோட்டிங் அடிப்போம். அப்புறம் ஓட்டையை அடைச்சுத் தண்ணி ரொப்பிடுவேன். ரெண்டு நாள் கழிச்சுக் கீழ் வீட்ல போய் சீலிங் பாப்பேன். ஒரு சொட்டு தெரிஞ்சாலும் மறுபடி கோட்டிங். அதுக்கப்புறம்தான் டைல்."

"மேஸ்திரி எதுக்குக் காத்துண்டிருக்கணும்?"

"மேஸ்திரி ஆண்டனியை ரெண்டு நாள் வேற சைட்டுக்கு விட்டா, திரும்பப் பிடிக்க ரெண்டு வாரம் ஆகும் சார். ஆண்டிக்கு ஆபரேஷன் பதினெட்டாம் தேதி."

சாவித்ரிக்கு முட்டி அறுவைச் சிகிச்சை. அவள் கேட்டது இரண்டே இரண்டு. திரும்பி வரும்போது வழுக்காத தரையும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும். "இவர் கையைப் பிடிச்சுண்டு குளிக்க மாட்டேன்" என்று சபதமே செய்திருந்தாள்.

பிரசாத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. "சார், நம்ம வேலைல தண்ணி நிக்கவே நிக்காது சார்! ஊத்தினா உடனே போயிடும்!"

"எங்கே போகும்?" என்றேன்.

"கீழ போயிடும் மேடம்!"

கீழே என்றால் என் சாம்பாரில். ஆனால் அவரை வில்லனாக்க மாட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. சார் கேட்டது டைல். டைலுக்கு அடியில் என்ன என்று சார் கேட்கவில்லை, பிரசாத்தும் சொல்லவில்லை. விலையும் குறைந்தது.

சார் பென்சிலை எடுத்து ஏதோ கழித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அயிட்டம் செவனை எடுத்துட்டா நீதாம்மா எல்-ஒன்! இப்பவே ஒர்க் ஆர்டர் தரேன்."

ஸ்டெல்லா நிமிர்ந்து மணி பார்த்தாள். சுவர்க் கடிகாரம் மூன்று முப்பத்தைந்து காட்டியது.

"இல்லையா, பண்ணு, காசு மட்டும் போடாதே. திருப்தின்னு கார்டுல போட்டிருக்கியே!" என்றார் சார்.

"சும்மா பண்ணா, கூலி தரேன்னு ஆண்டனிகிட்ட நான் பொய் சொல்லணும் சார். பண்ணாமலே விட்டா உங்ககிட்ட பொய் சொல்லணும். ரெண்டும் நக்கோ. குறைக்கணும்னா நீங்க கேட்ட அந்த விலை ஒசந்த குழாயைக் குறைங்க. அதுக்குப் பாதி விலையில நல்ல குழாயே இருக்கு. அப்பவும் நான்தான் எல்-ஒன்."

"குழாயையா!" சார் அதிர்ந்துபோனார். "அதே குழாய்தான் என் மச்சினன் ஆத்துல இருக்கு!"

"அவனாத்துல இருக்கட்டுமேன்னா," என்றாள் சாவித்ரி. "நான் குழாயையா பிடிச்சுண்டு நிக்கப்போறேன்?"

4

ஓட்டெடுப்பு. சார்: பிரசாத். சாவித்ரி: ஸ்டெல்லா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். "ஸ்டெல்லாவுக்கு! என் சமையலறையில் இலங்கை, மாலத்தீவு, இன்னும் என்னென்ன—" என்று வாயை விட்டுவிட்டேன். சார் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்காத்துல ஒழுகறதா? அப்போ நீங்க இன்ட்ரஸ்டட் பார்ட்டி, மாமி. லாபம் அடையறவா கமிட்டில இருக்கப்படாது. ரூல்."

பதவி போயிற்று! ஆறுதலுக்கு இன்னொரு போண்டா வைத்து, என்னை ஓரத்துப் பிரம்பு மோடாவுக்கு மாற்றினார். கோபமாக வந்தது. ஆனால் யோசித்தால், ரூல் சரிதான். என்ன செய்ய?

ஆக, ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது நாற்காலி காலி.

5

இந்த இடத்தில் நான் பேனாவை மூடிவைத்து, கதை கேட்க வரும் பிந்துவிடம் இதுவரை உள்ளதைச் சொன்னேன். சனிக்கிழமை தவறாமல் வரும் பெண். "அப்படியே எல்லாருக்கும் சந்தோஷமா முடிச்சிடுங்க ஆண்டி," என்றாள். இந்த 'அப்படியே' இருக்கிறதே, கண்ணுகளா, ஸ்டெல்லாவின் தொழிலிலும் எல்லோரும் இதைத்தான் சொல்வார்களாம். 'அப்படியே அந்தப் பால்கனிக் கம்பிக்கும் ஒரு கை பெயிண்ட்' என்பார்களாம். பிந்துவை எனக்குப் பிடிக்கும் என்பதால் எழுதினேன்:

முடிவு அ. ஸ்டெல்லா ஏழாவது வேலையை இலவசமாகச் செய்ய ஒத்துக்கொண்டாள். சாவித்ரி சிரித்தாள், சார் சிரித்தார், ஆண்டனி—

ஆண்டனி சிரிக்கவில்லை. அவருக்கு இரண்டு நாள் கூலி வரவில்லை. நிறுத்திவிட்டேன்.

முடிவு ஆ. ஏழாவது வரியை அவளே அடித்துவிட்டாள். குழாய் பளபளத்தது. மூன்று மாதம் கழித்து என் மேஜையில், இந்தப் பக்கத்தின்மேல்—

வேண்டாம். பக்கம் கிழிந்துவிடும்.

முடிவு இ. சாருக்கு மனம் மாறியது. கண்கலங்கி, "குழாய் வேண்டாம்மா" என்று—

முப்பத்தைந்து வருஷம் கொள்முதலில் இருந்தவர் ஒரு பத்தியில் மாறுவாரா? அதை உங்கள் தலையில் கட்டினால் உங்களிடம் அநியாய விலை வாங்கியவள் ஆவேன்.

முடிவு ஈ. அவள் விலையிலேயே வேலை அமைந்தது, அவள் என் சமையலறைக்கு வந்து நாற்காலிமேல் ஏறி, கூரையைத் தொட்டுப் பார்த்து—

இதைப் படபடவென்று எழுதிக்கொண்டே போனேன். ஆஹா, என்ன அழகு! இலங்கை காய்கிறது, மாலத்தீவு மறைகிறது! அப்போதுதான் சுருக்கென்றது. மோடாவில் உட்காரவைக்கப்பட்டவள் அல்லவா நான்? எந்த முடிவை எழுதினாலும் என் கை என் கூரையைத்தான் காப்பாற்றப் பார்க்கிறது. லாபம் அடைகிறவள் கமிட்டியில் இருக்கக்கூடாது. கதையில் மட்டும் இருக்கலாமா?

6

அதனால் வாருங்கள். ஆமாம், உங்களைத்தான். அந்த நாற்காலி உங்களுக்கு. உங்களுக்கு மேல் வீடும் இல்லை, கீழ் வீடும் இல்லை. போண்டா இன்னும் சூடாக இருக்கிறது.

எதிரே சார் தாளை உங்கள் பக்கம் நகர்த்துகிறார். சாவித்ரி முட்டியை நீவிக்கொண்டு உங்கள் முகத்தையே பார்க்கிறாள். பிரசாத் உங்களுக்கும் ஒரு சிரிப்புச் சிரிக்கிறார். மணி மூன்று ஐம்பத்தாறு. வாசலில் ஸ்டெல்லா ஒரு செருப்பைப் போட்டுவிட்டாள், மற்றதைக் காலால் தேடுகிறாள். கையில் அவள் போன் அடிக்கிறது. இன்னும் எடுக்கவில்லை.

என் கூரையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அங்கே ஒரு குண்டான் வைத்திருக்கிறேன். ஏழாவது வரியை மட்டும் இன்னொரு தரம் படித்துவிட்டு, கீழே உங்கள் ஓட்டைப் போடுங்கள்.

மெம்பர் த்ரீ: ____________