எதிர் வாட்டம்

மூன்றாம் மாடிக் குளியலறையில் அண்ணன் கடைசி வரிசை டைல்ஸைப் பதித்துக்கொண்டிருந்தான். பால்கனியில் கட்டிங் மெஷினை நிறுத்திவிட்டு, வெட்டிய துண்டுகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனபோது, ரப்பர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு எதையோ விழுங்கினான். மறுபடியும் விழுங்கினான். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

“என்னண்ணா?”

“ஒண்ணுமில்லடா. சிமெண்ட் தூசி.”

ஈரச் சிமெண்டில் ஏது தூசி? நான் கேட்கவில்லை. அவன் மறுபடி மண்டியிட்டு, ரசமட்டத்தைத் தரையில் வைத்து வாட்டம் பார்த்தான். குளியலறைத் தரையில் விழும் தண்ணீர் தானாக மூலைக்கு ஓட வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் எதிர் வாட்டமாகிவிடும், தண்ணீர் வாசலுக்கே திரும்பி வரும். இருபது வருடத்தில் அண்ணன் போட்ட தரையில் அப்படி நடந்ததில்லை. அவன் வயிற்றில் நடந்துகொண்டிருந்தது அதுதான் என்பது எனக்குத் தெரியும். குனிந்தால் போதும், உள்ளே இருக்கும் அமிலம் தொண்டைக்கு ஏறிவிடும். குனியாமல் எங்கள் தொழிலில் என்ன இருக்கிறது?

அண்ணனுக்கு ‘மலை’ என்று பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நூற்று நாற்பத்தொரு கிலோ இருந்தான். எங்கள் வீட்டு உடம்பு அப்படி. அப்பா ஐம்பத்து மூன்று வயதில் போனபோது அவரைத் தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. பாதி வழியில் நான்கு பேர் ஆள் மாற்றிக்கொண்டார்கள். யாரோ ஒருவர் பின்னாலிருந்து சிரித்தது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. அன்றைக்கே அண்ணன் சொன்னான், “நான் இப்படிப் போக மாட்டேன்டா.” ஆனாலும் ஆபரேஷன் மேஜைக்குப் போய்ச் சேர அவனுக்குப் பதினோரு வருடம் ஆயிற்று. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குக் குழாயாகத் தைத்துவிட்டார்கள். பதினான்கு மாதத்தில் எண்பத்திரண்டு கிலோவுக்கு வந்தான். “மலை கரைஞ்சு மணலாயிடுச்சே” என்று கட்டடத்துக்குக் கட்டடம் கிண்டல். அவனுக்கு அது தேன். லிஃப்ட் இருக்கும் இடத்திலும் படியில்தான் ஏறுவான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போய்ச் சேரும்போது இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருப்பான்.

எடை போனது. போன முட்டி திரும்பி வரவில்லை. அத்தனை வருடம் அத்தனை பாரத்தைத் தாங்கிய முட்டி, தேய்ந்தது தேய்ந்ததுதான். எட்டாவது மாதத்திலிருந்து நெஞ்செரிச்சல் வேறு. அண்ணி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அறை அறையாக மாத்திரை பிரித்து வைப்பாள். காலையில் வெறும் வயிற்றில் ஆசிட்டுக்கு ஒன்று, அப்புறம் அரை மணி நேரம் எதையும் வாயில் வைக்கக் கூடாது. சாப்பிட்டால் ஒரு முட்டை, அதுவும் கால் மணி நேரம் மென்று. சாப்பாட்டோடு தண்ணீர் ஆகாது. மதியம் இரும்புச் சத்து. சாயங்காலம் கால்சியம். இரண்டும் ஒன்றோடொன்று சேராது, சம்பந்திகள் மாதிரி தள்ளித் தள்ளித்தான் வைக்க வேண்டும். டப்பாவில் இருப்பதைத் தவிர வேறு மாத்திரை தொடக் கூடாது, முக்கியமாக வலி மாத்திரை கூடவே கூடாது, வலித்தால் பாராசிட்டமால் மட்டும் என்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தக் காகிதத்தை நானும் படித்திருக்கிறேன்.

நான்கு மாதத்துக்கு முன் அரை அடிச் சதுரமாக எட்டு கிரானைட் துண்டு வெட்டித் தரச் சொன்னான். ஒரு கஸ்டமர் வாஷிங் மெஷினுக்கு அடியில் வைக்கவாம். வெட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் டியூப்லைட் மாட்ட அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் நான்கு நான்காக அவற்றை அடுக்கியிருந்தான். தலைப்பக்கம் உயர்ந்து, கட்டில் சறுக்குமரம் போல நின்றது. ஒரு மனிதன் படுத்துத் தூங்க முடியாமல் எத்தனை நாள் தவித்திருந்தால் இப்படிச் செய்வான்? நான் டியூப்லைட்டை மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் கேட்கவில்லை என்றால், என்னுடைய ஆபரேஷனுக்கும் அப்போது தேதி குறித்தாகிவிட்டது. நான் நூற்று முப்பத்தாறு கிலோ. சர்க்கரை வேறு. வலது பாதத்தில் ஒரு புண் ஐந்து மாதமாக ஆறவில்லை. அண்ணன் நன்றாக இருக்கிறான் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தப் பிடியை நானே ஏன் விட வேண்டும்? அண்ணனின் கருவிப் பையின் அடியில், டைல்ஸ் இடைவெளிக்கு வைக்கும் பிளாஸ்டிக் துண்டுகளின் டப்பாவுக்குள் காலி மாத்திரை அட்டைகளைப் பார்த்தபோதும், பாராசிட்டமாலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அட்டையைத் திருப்பிப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். திருப்பவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய வியாழக்கிழமை, காத்திருப்பவர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஆறு பேர். கைப்பிடி இல்லாத அகல நாற்காலிகள். டயட்டீஷியன் அண்ணனைப் பேசக் கூப்பிட்டிருந்தாள். திரையில் அவனுடைய பழைய போட்டோ. அதன் முன்னால் இன்றைய அண்ணன், சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, பெல்ட் போட்டு.

நன்றாகத்தான் பேசினான். பழைய பேண்டின் ஒரே காலுக்குள் இப்போது இரண்டு காலையும் விட முடிகிறது என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“நெஞ்செரிச்சல் வரும்னு சொல்றாங்களே தம்பி. உங்களுக்கு இருக்கா?”

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. “ஆரம்பத்துல கொஞ்சம் இருந்துச்சும்மா. மாத்திரை போட்டா சரியாயிடும்.”

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்து வழக்கம்போலப் படிக்கட்டுக்குப் போனான். இறங்குவதற்கு லிஃப்ட் எதற்காம். முதல் திருப்பத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை.

“தல சுத்துதா?”

“ரெண்டு நாளா வெளிக்கு தார் மாதிரி போகுதுடா. இரும்பு மாத்திரை போட்டா கருப்பாத்தான் போகும்னு சொன்னாங்க. அதான்னு நெனச்சேன்.”

“வேற என்ன போட்ட?”

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

“உன் கருவிப் பையில, அந்த டப்பாவுல இருந்தது என்ன மாத்திரைண்ணா?”

அவன் தலையைத் தூக்கினான். “பாத்தியா நீ?”

“பாத்தேன்.”

“பாத்துட்டா சும்மா இருந்த?”

இந்தக் கேள்வியை அவன்தான் கேட்டான். நான் கேட்டிருக்க வேண்டியதை எல்லாம் அவனே கேட்டது போல இருந்தது.

“முட்டி வலிக்குதுடா. மண்டி போட்டா உயிர் போகுது. காலைல ஒண்ணு, மதியம் ஒண்ணு. ரெண்டு மாசமா.”

“வா, டாக்டர் மேலதான் இருக்கார். இப்பவே சொல்லிடலாம்.”

“இப்ப வேணாம். திங்கக்கிழமை உனக்கு முடியட்டும். இதெல்லாம் கேட்டா நீ பயந்து ஓடிடுவ. ஓடினா அப்பா மாதிரிதான் போவ. உன்னத் தூக்க எனக்குத் தெம்பு இல்லடா.”

சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறியது. கம்பியை விட்டுவிட்டு முன்னால் சாய்ந்தான். வாயிலிருந்து படியில் விழுந்தது காப்பிப் பொடியைக் கரைத்து ஊற்றியது போலக் கறுப்பாக இருந்தது. என் வாழ்நாளில் அதுவரை நான் படியேறி ஓடியதில்லை. அன்று ஓடினேன்.

வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்த்ததில், வயிற்றுத் தையல் ஓரத்தில் காசு அளவுக்கு ஒரு புண். உணவுக்குழாயின் அடிப்பக்கம் முழுக்க வெந்து போயிருந்தது. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். டாக்டர் அண்ணியையும் என்னையும் நிற்க வைத்துப் பேசினார். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாகவே பேசினார்.

“ரத்தம் நின்னுடுச்சு. வலி மாத்திரை இனிமே ஆயுசுக்கும் கிடையாது. ஆசிட் மாத்திரை காலைலயும் சாயங்காலமும். உணவுக்குழாயோட உள் தோல் கொஞ்சம் மாறியிருக்கு, சதை எடுத்து அனுப்பியிருக்கேன். பத்து நாள்ல ரிசல்ட். அதைப் பாத்துட்டு, இன்னொரு ஆபரேஷன் பண்ணி வழிய மாத்தி விடணுமான்னு யோசிக்கலாம். குனியிற வேலை ஆகாது.”

“அவருக்கு வேற வேலை தெரியாதே” என்றாள் அண்ணி.

வெளியே பெஞ்சில் அண்ணி மாத்திரை டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்தாள். “ரெண்டு வருஷமா ஒரு வேளை தவறாம பிரிச்சு வச்சேன். ஒரு மாத்திரை மிஞ்சினாக்கூட எனக்குத் தெரியும். அதிகமா ஒண்ணு உள்ள போனது தெரியலையே” என்றாள். எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். இன்றுவரை சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் அவன் படுக்கைக்கு அருகே போய் உட்கார்ந்தேன். கட்டிலின் தலைப்பக்கத்தைப் பொத்தானை அழுத்தி உயர்த்தி வைத்திருந்தார்கள். வெயில் ஜன்னல் வழியாக அவன் கை ஊசி வரைக்கும் வந்திருந்தது.

“டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னார்?” என்றான்.

“எனக்கு டெஸ்ட்ல ஆசிட் ஏறலையாம். ஆனா பின்னாடி வராதுன்னு எழுதிக் குடுக்க முடியாதாம். தள்ளிப் போடவும் வேணாங்கறார். கால் புண்ணு எலும்பு வரைக்கும் போனா விரலை எடுக்கணுமாம்.”

கை ஊசியின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டிருந்தான்.

“அண்ணா, நாளைக்கு நான் படுக்கணுமா வேணாமான்னு கேக்கல. உனக்கு எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு. மேடைல சொன்னது வேணாம்.”

சொன்னான். ஒன்றரை வருடத்தில் முதல் முறையாகச் சொன்னான். தூக்கத்தில் தொண்டை வரை எரிந்து மூச்சு அடைத்து எழுவது. எழுந்து உட்கார்ந்து, அண்ணி விழித்துவிடக் கூடாதென்று போர்வைக்குள் இருமுவது. வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது நான்கு வாய்க்குப் பிறகு தட்டை வெறித்துக்கொண்டிருப்பது. எல்லோரும் ‘சூப்பரா ஆயிட்டியே’ என்றபோது வாய்க்குள் புளிப்பை விழுங்கிக்கொண்டு சிரித்தது. “பாராட்டினவங்ககிட்ட போய் எரியுதுன்னு எப்படிடா சொல்றது? அவ்வளவு பேரும் சேர்ந்து தூக்கிவிட்ட மாதிரி இருந்துச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா என் ஷூ லேஸை நானே கட்டினேன்டா. முப்பது வருஷத்துக்கு அப்புறம். அதுவும் பொய் இல்ல” என்றான்.

“மறுபடியும் கேட்டா பண்ணிக்குவியா?”

“தெரியல” என்றான். யோசித்துவிட்டு மறுபடியும், “சத்தியமா தெரியலடா. நீ பண்ணா, எரிஞ்சா எரியுதுன்னு சொல்லு. எனக்காச்சும் சொல்லு” என்றான்.

திங்கள் காலை எட்டு மணிக்கு என்னை எடை மேடையில் ஏற்றினார்கள். எண் சிவப்பாக மின்னி நின்றது. நர்ஸ் அதை எழுதிக்கொண்டாள். மோதிரத்தைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்தேன். ஸ்ட்ரெச்சரில் ஏறும்போது செருப்பு தரையிலேயே கிடந்தது. கதவருகில், ஒரு கையில் டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரி உடுப்பில் அண்ணன் நின்றிருந்தான். எழுந்து வரக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள். யாரையும் கேட்கவில்லை போல. என் மனைவி குனிவதற்குள் அவனே ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முட்டியை மடக்கி இறங்கிச் செருப்பை எடுத்தான்.

தள்ளிக்கொண்டு போனார்கள். திருப்பத்தில் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அண்ணன் நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து, என் செருப்பை மடியில் கவிழ்த்து வைத்து, அதன் அடியில் காய்ந்து ஒட்டியிருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தான்.