காபிக்கு அடியில்

கறை வைத்திருப்பவர்கள் பொய் சொல்வார்கள் என்பது பதினாறு வருஷத் தொழிலில் கறை அக்காவுக்குப் பழகிப்போன விஷயம். வாடிக்கைக்காரர்கள் போனில் அவளை அந்தப் பெயரில்தான் சேமித்து வைத்திருந்தார்கள். நாளடைவில் அவளுடைய சொந்த அண்ணனே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டான். கம்பளத்தில் மையைக் கொட்டியவர்கள் குழந்தையைக் கைகாட்டுவார்கள். குழந்தை இல்லாதவர்கள் பூனையைக் கைகாட்டுவார்கள். பூனையும் இல்லாத வீட்டில், குடிவரும்போதே இருந்தது என்பார்கள். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. யார் கொட்டினார்கள் என்பது அவரவர் வீட்டு வழக்கு. என்ன கொட்டியது என்பதில் மட்டும் பொய் கூடாது, மருந்து மாறிப்போகும்.

"காபி," என்றார் அந்த வீட்டுக்காரர். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்துநாலு. தலைமுடியும் மீசையும் அப்போதுதான் அச்சில் இருந்து இறங்கிய எழுத்து மாதிரி அத்தனை கருப்பு. "ஒன்பது வருஷம் ஆச்சு. இவதான் கொட்டினா."

"ஆமா, நான்தான்," என்று சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. வகுப்பில் பெயர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது போன்ற குரல்.

சுவரோடு சுவராக ஒட்டிய மணல் நிறக் கம்பளம், ஹாலில் தொடங்கி படுக்கையறைவரை ஓடியது. மேனேஜரின் சாய்வு நாற்காலிக்கு வலப்பக்கம், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அந்தக் கறை.

"எனக்கு அது இருந்தா ஒண்ணுமில்ல," என்றார் மேனேஜர். "இவதான் பிடிவாதமா உங்களைக் கூப்பிட்டா."

வீட்டுக்கார அம்மா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். "மூணு மணிக்கு என் தம்பி வர்றான். பத்து நாள் இருப்பான். வந்ததுல இருந்து போறவரைக்கும் இதைக் காட்டிக் காட்டி, உங்கக்கா கை பட்ட லட்சணத்தைப் பாருன்னு இவர் சொல்லிட்டே இருப்பார். போன தடவை கேட்டதே போதும்."

மேனேஜர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

கறை அக்கா மண்டியிட்டாள். வெதுவெதுப்பான தண்ணீர், வினிகர், இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு. வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கறை அடியில் போய்க் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். துணியில் பழுப்பு ஏறியது. காபிதான், சந்தேகமில்லை. உறிஞ்சும் இயந்திரத்தை ஓட்டினாள். அரை மணி நேரத்தில் பழுப்பு முழுக்க வந்துவிட்டது.

ஆனால் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு, நீலம் ஓடிய ஒரு கருப்பு அப்படியே இருந்தது. அதைச் சுற்றி, சின்ன பிரஷ்ஷை உதறினால் தெறிக்குமே, அந்த மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளிகள். ஒரு ஓரத்தில் வேறு மருந்தைத் தொட்டு வைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

அவள் தலையைத் தூக்கினாள். மேனேஜரின் மீசையைப் பார்த்தாள். பிறகு காதைப் பார்த்தாள். காதுமடலின் மேல் விளிம்பில், கழுவ விட்டுப்போன மெல்லிய கருப்புக்கோடு ஒன்று இருந்தது.

மேனேஜர் சட்டென்று நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். குரல் பாதியாகிவிட்டது. "மீதியும் காபிதாம்மா."

"காபி வந்துருச்சு சார். இது வேற. காபிக்கு அடியில இருக்கு."

"இவ ரொம்ப ஸ்ட்ராங்கா போடுவா."

"எவ்வளவு ஸ்ட்ராங்கா போட்டாலும் காபி கருநீலத்துல வராது சார்."

"காபின்னே இருக்கட்டும்," என்றார் அவர். ஒரு காலத்தில் நாற்பது பேரை நடுங்க வைத்த மனிதர், கெஞ்சினார். "உங்களுக்கு என்ன போச்சு?"

அவளுக்கு ஒன்றும் போகவில்லைதான். என்ன கறையென்று சொல்லாமல், போகாதென்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பாள். ஆனால் அம்மா அதற்குள் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்து, அந்தக் கருப்பைக் குனிந்து பார்த்துவிட்டாள். "நான் கொட்டினது போகவே போகாதா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் ஒன்பது வருஷக் களைப்பு இருந்தது.

"நீங்க கொட்டினது போயிருச்சும்மா," என்றாள் கறை அக்கா. "இது டை."

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா அந்தப் பொடிப் புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "தலைக்கா, மீசைக்கா?" என்றாள்.

"என்னது?"

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? இருபது வருஷமா தலகாணி உறையெல்லாம் கருநீலமா பாத்துப் பாத்து வாங்குறேனே, எனக்கென்ன வெள்ளையைக் கண்டா ஆகாதா?"

"மீசைக்கு," என்றார் மேனேஜர் ஜன்னலிடம். "நீ அன்னிக்குப் பல் டாக்டர்கிட்ட போயிருந்தே. செய்தி பாத்துக்கிட்டே அடிச்சேன். கிண்ணம் கவுந்துருச்சு."

"சரி. அப்ப காபி?"

மேனேஜர் ஜன்னல் கொக்கியைத் திருகினார்.

"நான் போகும்போது நாற்காலிக் கையில வச்சுட்டுப் போன காபி. ஓரமா வச்சுட்டேன், அதான் விழுந்துதுன்னு நீங்க சொன்ன காபி."

"கருப்பு தெரியக் கூடாதுன்னு..." அவர் இழுத்தார்.

"மேல ஊத்துனீங்க."

கறை அக்கா துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள். இந்த மாதிரி நேரத்தில் வேலையைப் போட்டுவிட்டுப் போகவும் முடியாது, இயந்திரத்தின் குழாய் வேறு மேனேஜரின் கால்களுக்கு நடுவில் கிடந்தது.

அம்மா கத்தவில்லை. "அதுக்கப்புறம் என் கை நடுங்குதோன்னு டாக்டர்கிட்ட போனேன்," என்று கறை அக்காவிடம் சொன்னாள், யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்வது போல. "ரெண்டு கையையும் நீட்டச் சொல்லி, மேல ஒரு காகிதத்தை வச்சுப் பாத்தார். ஒண்ணுமில்லம்மா, உங்க கை கல்லு மாதிரி இருக்குன்னார். அதை நான் நம்பல. இவர் சொன்னதை நம்பினேன்." பிறகு நிமிர்ந்தாள். "இது எடுக்க வருமா?"

"வராதும்மா. இழைக்கே சாயம் ஏறிருச்சு. ஒரே வழி, இந்தத் துண்டை வெட்டிட்டு, கண்ணுல படாத இடத்துல இருந்து அதே அளவு வெட்டி இங்க ஒட்டணும். அந்த ஓட்டைக்கு இந்தக் கறைத் துண்டு போயிடும்."

"பீரோவுக்கு அடியில வெட்டலாம்," என்றார் மேனேஜர் உடனே. உயிர் திரும்பி வந்திருந்தது.

"வா," என்று அம்மா அவளை மட்டும் படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கட்டிலின் இடப்பக்கம், ஆண் செருப்புகள் இரண்டு கிடந்த இடத்தைக் காலால் காட்டினாள். "இங்க வெட்டு."

"அம்மா, இது கண்ணுல படுற இடம்."

"யார் கண்ணுல?"

கறை அக்கா யோசித்தாள். "சாருக்குத்தான்."

"வெட்டு."

பின்னாலேயே வந்த மேனேஜர் வாசலில் நின்றார். "காலையில எந்திரிச்சதும் அதுமேலதானே கால் வைக்கணும்?"

"ஆமாங்க," என்றாள் அம்மா.

கறை அக்கா தன் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக ஒரு சதுரத்தை வெட்டியதில்லை. இழை சாய்ந்திருக்கும் திசை பார்த்து, அடியில் டேப் வைத்து, விளிம்புகளில் பசை தடவி, உருளையால் அழுத்தினாள். ஹாலில் இருந்த ஒட்டு எங்கே என்று அவளுக்கே தேட வேண்டியிருந்தது. படுக்கையறையில் தேட வேண்டிய அவசியமே இல்லை.

மேனேஜர் கட்டிலில் உட்கார்ந்து புதுக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் தம்பிகிட்ட சொல்லிடாதே," என்றார்.

"நான் ஏன் சொல்லணும்? நீங்க சொல்லுவீங்க."

"டையைப் பத்தியா?"

"டை என்னவோ அடிச்சுட்டுப் போங்க. காபியைப் பத்தி."

தம்பி இரண்டரைக்கே வந்துவிட்டார். கறை அக்கா குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கீழே வைக்காமலேயே நாற்காலிப் பக்கம் பார்த்து, "அட, அக்கா கொட்டின காபி எங்க?" என்றார்.

அம்மா கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். மேனேஜர் தொண்டையைச் செருமினார். "உங்கக்கா கொட்டல. நான்தான் ஊத்தினேன்."

"ஊத்துனீங்களா? எதுக்கு?"

"ஒரு கோவத்துல," என்றார் மேனேஜர். டை அடிப்பவன் என்பதைவிடக் கோபக்காரன் என்பது கௌரவம் என்று அந்த நொடியில் அவருக்குத் தோன்றிவிட்டது போல.

தம்பி பெட்டியைக் கீழே வைத்தார். "எங்கக்கா மேல கோவத்துலயா அத்தான்?" குரலில் விருந்தாளித்தனம் போயிருந்தது.

"இல்ல இல்ல," என்று மேனேஜர் பின்வாங்கினார். அம்மாவைப் பார்த்தார். அவள் உதவிக்கு வருவதாக இல்லை. "டை கொட்டிருச்சு மாப்ளே. அதை மறைக்க."

தம்பி அவர் தலையை நிதானமாகப் பார்த்தார். "டை ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே. அதைப் போய் மறைக்கவா எங்கக்காவை ஒன்பது வருஷம் சொல்லிக் காட்டுனீங்க?"

"ஊருக்கே தெரியுமா?" என்றார் மேனேஜர் நிஜமான அதிர்ச்சியோடு. அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அம்மா சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேனேஜருக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. கறை அக்காவின் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவரே மூன்று மாடி இறங்கினார். வண்டியிலும் அவரே ஏற்றிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. படுக்கையறைத் துண்டையும் பீரோவுக்கு அடியில் மாற்ற முடியுமா என்று மெல்லக் கேட்டார்.

"தாராளமா சார். என்னைக்கு வரட்டும்?"

அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "இருங்க, இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்," என்றார்.

இன்னும் சொல்லவில்லை.