பயத்துக்கு எத்தனை மார்க்?

அலெக்ஸாண்ட்ரியாவின் ஒரு பல் ஆஸ்பத்திரியில் புதிதாக ஓர் ஆராய்ச்சி. பல் பிடுங்க வரும் வயதானவர்களின் பயத்தை அளக்கிறார்களாம். ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து மார்க் வரை. நிறைய வாங்குகிறவருக்கு மயக்க மருந்து. மற்றவர்களுக்கு முழித்திருக்கும்போதே பிடுங்கல்.

வஹ்தான் முப்பத்தைந்து வருஷம் டிராம் ஓட்டியவர். பல் பிடுங்கும் குறடைப் பார்த்தால் மட்டும் எதிர்த்திசையில் ஓடிவிடுவார். ஐந்துக்கு ஐந்தாகவே வாங்கிவிடுவது என்ற முடிவோடுதான் அன்று வந்தார்.

ஆனால் டாக்டர் ஹைஸம், எழுபதைத் தாண்டியவர்கள் எல்லோரும் செவிடர்கள் என்று நம்புகிறவர். கேள்விகளைக் கூடமே அதிரக் கத்தினார். எதிர் பெஞ்சில் ஷஹாத்தா உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாகக் காபிக்கடையில் டோமினோ ஆட்டத்தில் வஹ்தானின் ஜென்ம விரோதி. பயம் என்று அவர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் தெருவே சிரிக்கும்.

"ஹாஜியாரே! நாளைக்குப் பல்லு பிடுங்கணும்னா எப்படி இருக்கும்?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கும்."

"ஈறுல ஊசி குத்தினா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

எப்படி இருக்கிறது என்று கேட்டால் அந்த ஊரில் வேறு பதிலே கிடையாது. கூரை தலையில் விழுந்தாலும் இறைவனுக்கே புகழ். டாக்டர் பூரித்துப்போய் எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டார்.

அடுத்து ஷஹாத்தா. "அவனுக்கு ஒண்ணுன்னா எனக்குப் பூஜ்யம் போடுங்க."

"பூஜ்யம் கிடையாது, ஹாஜியாரே."

"அப்போ அரை."

பதினோரு மணிக்குள் கூடத்திலிருந்த அத்தனை பேரும் அஞ்சாநெஞ்சர்கள் ஆகிவிட்டார்கள். வயது ஏற ஏறப் பயம் குறைகிறது என்று விஞ்ஞானம் கண்டுபிடித்தது. வேலையற்ற மயக்க மருந்துக்காரர் டீ குடிக்கக் கிளம்பினார்.

முதல் நாற்காலி வஹ்தானுக்கு. ஊசி மேலே எழுந்தது. வீரம் வடிந்துவிட்டது.

"டாக்டர் தம்பி... அந்த மார்க்கை மாத்த முடியுமா?" என்று முணுமுணுத்தார்.

"என்ன ஹாஜியாரே? சத்தமா சொல்லுங்க!"

கதவு திறந்தே கிடந்தது. வெளியே ஷஹாத்தா. வஹ்தான் கண்ணை மூடிக்கொண்டார். மானமா உயிரா என்று பார்த்தார். உயிர்தான்.

"பயமா இருக்குடா! செத்துடுவேன் போலப் பயமா இருக்கு!"

இனி காபிக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று வஹ்தான் கூசிப்போனார். அப்போது வெளியே செருப்பை இழுத்துக்கொண்டு யாரோ ஓடும் சத்தம். கூடவே ஷஹாத்தாவின் கத்தல்:

"யோவ் மயக்க மருந்து! டீயைக் கீழ வச்சுட்டு வாய்யா! நாங்க ரெண்டு பேர் இருக்கோம்!"