மூன்றாவது வசனச் சீட்டு

எங்கள் வீட்டு வாசல்படிக்கு மேல் ஒரு பைபிள் வசனச் சீட்டு, லேமினேட் செய்து, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு மாதமாக அதன் கீழே தலையைக் குனிந்தபடிதான் நான் வந்து போனேன். வாசல் ஒன்றும் அவ்வளவு தாழ்வு இல்லை.

எங்கள் சர்ச்சில் புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பார்கள். பைபிள் வசனம் எழுதிய சீட்டுகளைப் பீடத்தின் முன் தாம்பாளத்தில் சுருட்டிப் போட்டிருப்பார்கள். குடும்பத்துக்கு ஒருவர் போய் ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருடம் ஆண்டவர் அந்தக் குடும்பத்துக்குச் சொல்வது அதுதான். எங்கள் வீட்டில் எடுப்பது நான். எனக்குக் கைராசி என்று என் வீட்டுக்காரர் சுதாகருக்கு ஒரு நினைப்பு.

அவருக்கு நிலக்கரி மைன்ஸில், கன்வேயர் பெல்ட்டில் காண்ட்ராக்ட் வேலை. கல்யாணத்தின்போது, இதோ பர்மனென்ட் ஆகிவிடும் என்றார்கள். இப்போது எங்கள் பெண் எட்டாவது படிக்கிறாள். வேலையை விட்டால் சீனியாரிட்டி போய்விடும். விடாமல் இருந்தால் கரித்தூசியில் வந்த இருமல் அவரை விடாது. இப்படி இருக்கும்போதுதான் போன டிசம்பரில் ஓசூரிலிருந்து செங்குட்டுவன் கூப்பிட்டார். இவரோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர், இப்போது அங்கே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நிரந்தர வேலை, உடனே வா என்றார். சீட்டில் என்ன வருகிறதோ அப்படியே செய்வோம் என்றார் சுதாகர்.

எனக்குப் பயம். ஓசூரில் எனக்கு யாரைத் தெரியும்? இந்த டவுன்ஷிப்பையும் வடலூர் பஸ்ஸையும் விட்டால் எனக்கு உலகம் கிடையாது.

தாம்பாளத்தின் முன் நின்று முதல் சீட்டைப் பிரித்தேன். புறப்பட்டுப் போகச் சொல்லியிருந்தது. சுருட்டித் திரும்பப் போட்டேன். இரண்டாவதைப் பிரித்தால் அதிலும் பயணம்தான். விடுவேனா நான்? மூன்றாவது சீட்டு காத்திருக்கச் சொன்னது. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்து சுதாகரிடம் நீட்டினேன். அன்று மாலையே அவர் ஓசூருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. தூசிக்குப் பயந்து ஜன்னலை எப்போதும் சாத்தித்தான் வைத்திருப்போம். உள்ளே அவருடைய இருமலும் நானும். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் அந்தச் சீட்டைத் தொட்டுவிட்டுப் போவார். அவருடைய விசுவாசத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். ஆண்டவரே என்று நான் வாயைத் திறந்தால், திருப்பிப் போட்ட இரண்டு சீட்டும் முன்னால் வந்து நிற்கும். என்னால் ஜெபிக்கவே முடியவில்லை.

ஜூன் கடைசியில் செங்குட்டுவன் மறுபடியும் கூப்பிட்டார். ஒரு இடம் காலியாகியிருக்கிறது, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல் என்றார். சுதாகர் யோசிக்கவே இல்லை. காத்திருக்கச் சொல்லியிருக்கிறது என்று மறுத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். துப்பியது கறுப்பாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து சீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"காத்திருன்னு சொன்னவரு சும்மாவா சொல்லியிருப்பாரு."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அவரு சொல்லலைங்க. நான்தான் மூணு சீட்டு எடுத்தேன்."

அடிக்கட்டும், திட்டட்டும் என்று நின்றேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் மணிமொழி. நீ ரெண்டத் திருப்பிப் போட்டத நான் பாத்துகினுதான் இருந்தேன்."

தப்பு செய்தவள் நான், ஆனால் கோபம் எனக்குத்தான் தலைக்கேறியது. ஆறு மாதம் என்னை இப்படி வேகவிட்டீர்களே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கத்தினேன்.

"எனக்கும் பயந்தான். நீ அந்தச் சீட்டக் குடுத்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. ஆண்டவரு பேரச் சொல்லிகினு இங்கியே குந்திகினேன்."

பாவி மனுஷன். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் பூட்டிவிட்டார் என்று சொல்லியிருக்கிறோம்.

இப்போது என்ன செய்வது? பழக்கதோஷம், என் கை அலமாரியில் மகள் வசனச் சீட்டுகள் போட்டுவைத்திருந்த சின்னப் பெட்டிக்குப் போனது. சுதாகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அப்படியே ஜெபித்தோம். என்ன கேட்பது என்று தெரியவில்லை. எங்களுக்கு வழி தெரியாது, நீர் கூட வாரும் என்று மட்டும் சொன்னேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அழுகை வந்தது.

அவர் செங்குட்டுவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ரொம்ப நேரம் மணி அடித்த பிறகு எடுத்தார்.

"நீ வரலன்னதும் வேற ஆளுகிட்ட சொல்லிட்டேனே. சரி, திங்கக்கெழம நேர்ல வா, கேட்டுப் பாக்கலாம். ஆனா நான் வாக்குல்லாம் குடுக்க முடியாது."

சுதாகர் என்னைப் பார்த்தார். வருகிறோம் என்று சொல்லுங்கள் என்றேன். நாற்காலியைப் போட்டு ஏறி, பரணிலிருந்து துணிப் பெட்டியை இறக்கினேன்.