மலைப் பக்கத்துக் கை

"எந்தக் கையத் தூக்கினா உனக்கு என்னா டீச்சர்? அதுக்குன்னு புள்ளைய அடிச்சுடுவியா?"

பாஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளிக்கூட வாசலை அடைத்து நின்றாள்.

"அடிக்கலைங்க, ஸ்கேல்ல தட்டினேன்! வலது கையத் தூக்குன்னா உண்ணாமலை தெனமும் இடது கையத்தான் தூக்குறா. இவளைப் பாத்து மொத்தக் கிளாஸும் அப்படியே செய்யுது!" ஒண்ணாங்கிளாசுக்குப் புதிதாக வந்திருந்த சந்திரகலா டீச்சரின் சத்தமும் குறைவாக இல்லை.

எதிர்வீட்டு சரசு முறத்தோடு வெளியே வந்தாள். முறத்தில் அரிசி இல்லை.

டீச்சர் குடியிருப்பது சரசு வீட்டின் ஓர அறையில்தான். நடுச்சுவர் மெல்லிசு. அதனால், இன்ஸ்பெக்டர் வரும் நாளில் கிளாஸ் சரியில்லை என்றால் வேலை நிரந்தரமாகாது என்று ஹெட்மாஸ்டர் பரசுராமன் சொன்னது சரசுவுக்குத் தெரியும். வேலை போனால் அவளைக் கட்டிக்கொள்ளப் போளூரில் தாய்மாமன் காசி காத்திருக்கிறான் என்பதும் தெரியும். சொந்த ரைஸ்மில், முன்பல் தங்கம். அந்தத் தங்கப் பல்லை நினைத்து டீச்சர் அழுததுகூட சரசுவின் காதுக்கு வந்தாயிற்று.

"எம்பொண்ணு தப்பாத் தூக்காது. நான் சொல்லிக் குடுத்திருக்கேன்!" என்றாள் பாஞ்சாலை.

பதிலுக்குக் கத்த வாயெடுத்த டீச்சர் சட்டென்று நின்றாள். "என்னான்னு சொல்லிக் குடுத்தீங்க?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நல்ல சண்டை இப்படிப் போயிற்றே என்று சரசுவுக்குச் சப்பென்றாகிவிட்டது.

"மலை எந்தப் பக்கமோ அதான் வலது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டிக்கினு மலை சுத்துறேன், எனக்குத் தெரியாதா?"

மூன்று பேரும் மலையைப் பார்த்தார்கள். சுற்றும்போது அது வலது பக்கம்தான். ஆனால் கிளாஸில் பாயில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு மலை இடது ஜன்னலில். போதாததற்கு டீச்சர் எதிரே நின்று தன் வலது கையைக் காட்டினால், அதுவும் மலைப் பக்கமே நீளுகிறது. பிள்ளைகள் என்ன செய்யும்?

சரசு முறத்துக்கு அடியில் தன் இரண்டு கைகளையும் ரகசியமாக அசைத்துப் பார்த்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவள் கணக்கும் அதேதான். வெளியே சொல்வாளா?

"பாயைத் திருப்பிப் போட்டுடு டீச்சர். போர்டு ஸ்டாண்டுலதானே நிக்குது?" என்றாள், யாரும் கேட்காமலே.

மறுநாள் திருப்பிப் போட்டதும் எல்லாக் கையும் சரியாக எழுந்தது. மதியம் வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். "வலது பக்கமா வரிசையில நில்லுங்க" என்றதும், வெளியே சோற்றுக்கு வந்த பிள்ளைகள் மலையைத் தேடி எதிர்ப்பக்கம் ஓடின.

டீச்சர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் தட்டுகளையே வெறித்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் இருந்த சரசுவும் வெறித்தாள். அங்கே என்ன இருக்கிறது?

"சோத்துக் கை எது?" டீச்சர் எழுந்தாள்.

பருக்கையோடு அத்தனை கையும் மேலே போயிற்று.

"அதான் வலது. மலை அங்கியே நிக்கும். சோத்துக் கை நீங்க போற எடமெல்லாம் கூட வரும்."

அன்று முதல் கை காட்டவேண்டுமானால் டீச்சர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "மரியாதை இல்லாம இது என்னா பழக்கம்!" என்று தெருவெல்லாம் சொல்லி வந்தவள் சரசுதான்.

இன்ஸ்பெக்டர் சக்கரபாணி வந்தார். பிள்ளைகளுக்கு எதிரே நின்று, "என்னைப் பாருங்க. வலது கை!" என்று தன் கையைத் தூக்கினார்.

பிள்ளைகள் முழித்தன. பரசுராமன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். டீச்சர் முகத்தில் ரைஸ்மில் தெரிந்தது.

உண்ணாமலை எழுந்தாள். "சார், நீங்க திரும்பி நில்லுங்க. எங்க டீச்சர் அப்படித்தான் காட்டும்."

இன்ஸ்பெக்டர், நம்புங்கள், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்! தூக்கிய கையைக்கூட இறக்கவில்லை.

"இப்ப திரும்பலாமா?"

"திரும்புங்க சார்."

எல்லாம் வலது கை. எழுப்பி மலையைப் பார்க்க நிற்க வைத்தார், அப்போதும் வலது. காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஜன்னலுக்குப் போனவர், மலையைப் பார்த்து விரலை அசைத்தார். "இந்த ஊர் டிரில்ல தப்பாத் திரும்புதுன்னு பிள்ளைங்களை நான் திட்டினதெல்லாம் வீண்தானா?" என்றார் பரசுராமனிடம்.

வேலை நிலைத்தது. தாம்பூலத் தட்டோடு போளூர் பஸ்ஸில் வந்திறங்கிய காசி, சரசு வீட்டில் காபி குடித்துவிட்டுத் திரும்பினான். தை மாசம் கலசபாக்கத்துப் பெண்ணைக் கட்டினான். சந்திரகலா, கரண்ட் ஆபீஸ் வேணுவைக் கட்டிக்கொண்டு வேலூருக்குப் போனாள். மீட்டர் பார்க்கத்தான் அவன் அடிக்கடி வருகிறான் என்று கடைசிவரை நம்பியது சரசு ஒருத்திதான். உண்ணாமலை வளர்ந்ததும் அவளைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்தார்கள்.

சரசு இப்போது ஆவடியில், மகள் வீட்டில். அங்கே மலை இல்லை. யாராவது "வலது பக்கம் திரும்புங்க" என்றால் நடுத்தெருவில் நிற்கிறாள், வெறுங்கையால் ஒரு வாய்ச் சோறு பிசைந்து பார்க்கிறாள், அப்புறம்தான் திரும்புகிறாள்.