விளக்கக் கட்டம்

நகர வரைபடத்தின் தென்மேற்கு மூலையை அக்கா நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். புதுப் பாத்திரத்தில் ஒட்டிய விலைச்சீட்டை உரிப்பவள்போல, அத்தனை பொறுமையாக. அது உரியாது. ஒட்டியது இல்லை, அச்சடித்தது. அதை வரைந்த தம்பி எதிரே நின்றுகொண்டிருந்தான்.

பதினோரு வருடமாக நகராட்சி அலுவலகத்தின் வரைபடம், பலகை, அறிவிப்பு எல்லாம் அவன் கைவண்ணம்தான். கழிப்பறைக்கு அவன் ஓர் அம்புக்குறி போட்டால், தேவையில்லாதவனும் ஒருநடை போய்விட்டு வருவான் என்பார்கள்.

“எங்க தெரு எங்கடா?”

“அதுக்குக் கீழதான்க்கா இருக்கு.”

“எதுக்குக் கீழ?”

கட்டத்துக்குக் கீழே. பச்சை என்றால் பூங்கா, நீலம் என்றால் ஏரி என்று சொல்லும் விளக்கக் கட்டத்தைப் படத்தில் எங்கேயாவது வைத்தாக வேண்டும். ஒன்றுமில்லாத இடமாகப் பார்த்து வைப்பது தொழில் வழக்கம். தென்மேற்கில் நான்கு தெரு, நூற்றுப்பன்னிரண்டு வீடு, ஓர் அக்கா. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வயிறாரச் சாப்பிட்டவன், திங்கட்கிழமை வந்து அதன்மேல் கட்டத்தை வைத்தான். கண்ணுக்கு அது காலியாகத்தான் பட்டது.

“தண்ணிக் குழாய் போட வந்தவன் இதத்தான் விரிச்சு வெச்சுப் பாத்தான். ‘இங்க வீடே இல்லையேம்மா’ன்னான். நான் வாசல்ல நிக்கிறேன். என் மூஞ்சியப் பாத்துச் சொல்றான்.”

“நீ என்ன சொன்ன?”

“இல்லாத வீட்டுல வந்து ஒரு டீ குடிப்பான்னேன். குடிச்சான். சர்க்கரை கம்மின்னான்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. படத்தை மடித்தாள். மடித்ததில் அந்த மூலை மேலே வந்து நின்றது.

போன வருடம் ஒரு மத்தியானம், அக்காவின் கணவர், அவனுடைய மாமா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, ஆம்புலன்ஸ் அந்த நான்கு தெருவுக்கு வெளியே சுற்றிச் சுற்றி வந்தது. வந்து சேர்ந்தபோது அதற்கு வேலை இல்லை. ஓட்டுநரின் சட்டையைப் பிடித்து, “கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று கேட்டவன் இவன்தான். அந்த ஆள் கையிலிருந்த படத்தை நீட்டினான். இவன் தட்டிவிட்டான்.

“சாயங்காலம் நாலு மணிக்குப் புதுப் படத்துல ஆணையர் கையெழுத்துப் போடறாராமே” என்றாள் அக்கா. “அதுல எங்க தெரு இருந்தா குழாயாம். இல்லன்னா இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு வந்து கேக்கணுமாம்.” மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போய்விட்டாள்.

அவன் கட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்க அலைந்தான். வடக்கே ஆணையரின் பங்களா. நாய்க்கூண்டுகூட அளவு தப்பாமல் குறிக்கப்பட்டிருந்தது. கிழக்கே ஏரி, படகுச் சங்கத்தார் தங்கள் படகு கட்டத்தில் முட்டிக்கொள்ளும் என்று மனுக் கொடுக்கக்கூடியவர்கள். படத்துக்கு வெளியே வைக்கலாமென்றால் நான்கு ஓரத்திலும் ஆணையரின் புகைப்படமும் வாழ்த்துரையும். முன்பு அந்தப் புகைப்படத்தை அரை அங்குலம் குறைத்தவர் இப்போது சுடுகாட்டுப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். கட்டத்தைச் சிறிதாக்கிப் பார்த்தான். பியூன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “எறும்பு போகுது சார்” என்றார்.

ஒவ்வொரு இடத்துக்கும் கேட்க ஆள் இருந்தது. தென்மேற்குக்கு மட்டும்தான் இத்தனை நாள் இல்லை.

மூன்றரைக்கு அவன் கட்டத்தை ஊரின் நடுவே இறக்கினான். எழுத்தின் அளவு பழையபடியே. தென்மேற்கில் நான்கு தெருவும் நூற்றுப்பன்னிரண்டு வீடும் வெளியே வந்தன. அக்கா வீட்டின் கோடு மட்டும் தேவைக்கு மேல் கறுப்பாக விழுந்திருந்தது. அதை அவன் திருத்தவில்லை.

நான்கு மணிக்கு ஆணையர் பேனாவைத் திறந்தார். முதலில் தம் புகைப்படத்தைப் பார்த்தார், திருப்தி. பிறகு பங்களா. பிறகு விரல் மெல்ல நகர்ந்து, ஊரின் நடுவில் வந்து நின்றது.

“நம்ம ஆபீஸ் எங்கய்யா?”

“அதுக்குக் கீழதான் சார் இருக்கு.”

“எதுக்குக் கீழ?”

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆணையர் வலது கையில் திறந்த பேனாவைப் பிடித்தபடியே, இடது கட்டைவிரல் நகத்தால் கட்டத்தின் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். பொறுமையாக, உரிந்து வந்துவிடும் என்பதுபோல.